ட்ரெயின் போகட்டும்ப்பா

தினேஷ்,

ஃபோனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வைத்துவிடுவாய். எனக்கும் கோபம் வந்து, சொல்ல வந்ததை விட்டுவிட்டு நீ முடி வெட்டாததைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாக ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். உன் ரூமில் இருக்கிற பையன்கள் எட்டிப் பார்த்தாலும் பார்க்கட்டும், அவர்களும் அம்மாவின் ஃபோனை இப்படித்தான் வைத்துக்கொண்டிருப்பார்கள். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை பெங்களூரிலிருந்து வந்து, கேமராவையும் ஹார்ட் டிஸ்கையும் எடுத்துக்கொண்டு போய் ஆவடியில் உன் சிநேகிதனுக்கு விற்றுவிடப் போவதாகச் சொன்னாய். கொடுப்பதற்கு முன்னால் டிஸ்கில் இருப்பதையெல்லாம் அழித்துவிடுவேன் என்றும் சொன்னாய். "அதுல ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் முடிக்காத குப்பை" என்றாய். கேமராவை என்ன வேண்டுமானாலும் செய்துகொள். டிஸ்கை மட்டும் அழிக்காதே. ஏன் என்று சொல்வதற்குத்தான் இத்தனை பக்கம்.

வருகிற மாசியோடு அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. படையலுக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று உன் சித்தப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். ஹாலில் அப்பாவின் படம் நீ மாட்டிவிட்டுப் போன இடத்திலேயே இருக்கிறது. அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நீ எடுத்த வீடியோவிலிருந்து ஒரு காட்சியை நிறுத்திப் பிரிண்ட் போட்டது. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, காலரில் கறுப்பாக அந்தச் சின்ன மைக். ஃபிரேம் போட்ட கடைக்காரர் அந்த மைக்கை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். அன்றைக்கு இருந்த நிலைமையில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கிட்டே போய்ப் பார்த்து, "என்னக்கா அது, சட்டையில வண்டு உட்கார்ந்திருக்கு" என்று கேட்கிறார்கள். மைக் என்று சொன்னால், மேடையில் பேசுவாரா என்கிறார்கள். நான் காபி போட உள்ளே போய்விடுவேன்.

நீ ஆரம்பித்தவற்றை எல்லாம் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். திட்டுவதற்காக இல்லை, சும்மா இருக்கும்போது மனம் அங்கேதான் போகிறது. காலேஜில் முதல் வருஷம் யூடியூபில் சேனல் ஆரம்பித்தாய். பேர் வைப்பதற்கே ஒரு மாதம். அப்புறம் அந்தப் பேர் சுழன்று சுழன்று வந்து நிற்கிற மாதிரி ஒரு அறிமுகம், அதற்கு ஒரு இசை. அதை அப்பாவையும் என்னையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினாய். நன்றாகத்தான் இருந்தது. "அப்பால இன்னா வரும்" என்று அப்பா கேட்டார். அதற்கு அப்பால் எதுவும் வரவில்லை. பிறகு ஏரிகள் தொடர். அம்பத்தூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, திருநின்றவூர் ஏரி என்று வண்டியில் சுற்றினாய். தண்ணீர் நிறையட்டும் என்று காத்திருந்தாய், நிறைந்தது. மேலேயிருந்து எடுக்க ட்ரோன் வேண்டும் என்று காத்திருந்தாய், அதற்குள் வற்றிவிட்டது. அப்புறம் என் சமையல். ஒரே கத்தரிக்காய்க் குழம்பை ஒரே நாளில் மூன்று முறை தாளிக்க வைத்தாயே, எண்ணெயில் கடுகு வெடிப்பது சரியாக விழவில்லை என்று. அன்றைக்கு மதியம் ஆறிப்போன குழம்பைத்தான் சாப்பிட்டோம். அந்த வீடியோவைக் கேட்கும்போதெல்லாம் "கலர் பண்ணணும்மா" என்பாய். குழம்புக்கு என்னடா கலர், நான் போட்ட மிளகாய்த்தூள் போதாதா என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டுப் போய்விட்டாய்.

நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷனில் வேலை செய்தவள். தொங்குகிற நூலை வெட்டுவது, பட்டனை இழுத்துப் பார்ப்பது, மடித்துப் பெட்டியில் போடுவது, அவ்வளவுதான் என் வேலை. அந்த வேலையை வைத்துக்கொண்டு உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஊரார் சட்டையை எல்லாம் முடித்து அனுப்பிவிட்டு வந்த எனக்கு, உன் அத்தை கல்யாணத்துக்கு எடுத்த ரவிக்கை இன்னும் ஓரம் தைக்காமல் பீரோவில் கிடக்கிறது. எடுத்துத் தைக்க வேண்டும் என்று நினைத்தாலே ஒரு சோர்வு வரும். பாதியில் விட்ட வேலைக்கு அப்படி ஒரு கனம் உண்டு, புது வேலைக்கு அது கிடையாது. அதனால்தான் நீ ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவினாய் என்று எனக்குப் புரியும். அப்பாவுக்குத்தான் புரியவில்லை. அவருக்கு பிரஸ் ஷாப் வேலை. தகட்டை வைத்து மிஷினை அடித்தால் கீழே ஒரு சாமான் விழ வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு.

நீ முடித்தது ஒன்றே ஒன்றுதான். ஞாபகம் இருக்கிறதா? பிளஸ் டூ படிக்கும்போது, என் பழைய ஃபோனில் எடுத்தாயே, அப்பா சைக்கிள் செயின் மாட்டுகிற வீடியோ. ஸ்டேஷன் பக்கத்தில் செயின் கழன்றுவிட்டது, நீ சும்மா எடுத்தாய். பின்னால் ட்ரெயின் தடதடவென்று போகிறது. அப்பா கையெல்லாம் கிரீஸோடு, "இங்க பாரு நைனா, பின்னாடி சக்கரத்துல மொதல்ல மாட்டணும், அப்பால முன்னாடி ஒரு பல்லுல வச்சிகினு பெடல சுத்து, அதுவா ஏறிக்கும். பலவந்தம் பண்ணாத, கோச்சிக்கும்" என்று ட்ரெயினுக்கு மேலே குரல் கொடுத்துப் பேசுகிறார். நீ அதை யூடியூபில் போட்டாய். எந்த ஊரிலிருந்தோ ஒருவர் பார்த்துவிட்டு, எங்கப்பாவும் இப்படித்தான் சொல்வார் என்று எழுதியிருந்தார். அப்பா அதை டீக்கடையில் எல்லாருக்கும் காட்டினார், கம்பெனி கேட்டில் செக்யூரிட்டிக்குக் கூடக் காட்டினார். பிறகு நீ காலேஜில் புதுச் சேனல் ஆரம்பிக்கும்போது, குவாலிட்டி இல்லை என்று அதை எடுத்துவிட்டாய். அவர் ஒரு நாள் ஃபோனைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "அந்த சைக்கிள் வீடியோ எங்க போச்சி, காணமே" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உன்னிடம் அவர் கேட்கவில்லை.

கடைசியில் அப்பாவைப் பற்றியே படம் எடுக்கப் போகிறேன் என்று வந்து நின்றாய். இந்தத் தடவை சின்ன வீடியோ இல்லை, பெரிய படம், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு தொழிலாளியின் முழு வாழ்க்கை என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதில் என் பங்குக்கும் ஒரு கெடுதல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைப் பிடித்து ஷேவ் பண்ண வைத்து, தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணத்துக்குப் போட வைத்திருந்த வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டது நான்தான். லுங்கியும் பனியனுமாகச் சிரித்துக்கொண்டிருந்த மனுஷன், நாற்காலியில் உட்கார்ந்ததும் பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கச் சொன்ன பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். நீ ஃபேனை நிறுத்தினாய், ஃப்ரிட்ஜை நிறுத்தினாய், ஜன்னலைச் சாத்தினாய், சட்டையில் மைக்கைக் குத்தினாய். என்னைக் கரண்டிச் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். இருந்தும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வீடு. ஆவடிப் பக்கமிருந்து ஒன்று, அம்பத்தூர்ப் பக்கமிருந்து ஒன்று என்று வந்துகொண்டேதானே இருக்கும். ஒவ்வொரு தடவையும் நீ கையைத் தூக்கி, "ட்ரெயின் போகட்டும்ப்பா" என்பாய். அவர் நிறுத்திவிடுவார். ட்ரெயின் போன பிறகு, "இன்னா சொல்ல வந்தேன், மறந்துட்டேன் பாரு" என்பார். மாதக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின. நல்ல வெளிச்சம் வரட்டும் என்றாய், நல்ல லென்ஸ் வரட்டும் என்றாய். அவர் ரிட்டையர் ஆகி வந்தார், நீ இன்னும் முதல் பாகத்திலேயே இருந்தாய். பிறகு ஒரு மாசி மாதக் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வாசலில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் உன் அப்பா என்னிடம் பேசவே மாட்டார். சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், கேட்டால் தலையாட்டுவார். எனக்கு இந்த ஊர்ப் பேச்சும் புதிது, இந்த மனுஷனும் புதிது, என்னைப் பிடிக்காமல் கட்டிக்கொண்டாரோ என்று குளியலறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். ஒரு நாள் திருநின்றவூர் கோயிலுக்குப் போகலாம் என்று கிளம்பி திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் நின்றோம். நிற்காத எக்ஸ்பிரஸ் ஒன்று பிளாட்பாரமே அதிர வந்தது. அந்தச் சத்தத்தில் அவர் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "உன்ன எனக்கு ரொம்பப் புடிச்சிகீது, ஊட்ல சொல்றதுக்குத்தான் ஒரு மாரி கீது" என்றார். ட்ரெயின் போனதும் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார், சொன்னது வேறு யாரோ என்பது மாதிரி. வாழ்நாள் முழுக்க பிரஸ் ஷாப்பில் நின்ற மனுஷன்டா அவர். தடால் தடால் என்று மிஷின் அடிக்கிற இடத்தில், ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். சத்தம் இருந்தால் அவருக்கு வெட்கம் இருக்காது. அமைதியாக இருக்கிற அறையில் தன் குரலைத் தானே கேட்டால் அவருக்குக் கூச்சம் வந்துவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நீ ஜன்னலைச் சாத்தும்போது நான் சொல்லவில்லை. உன் தொழில், உனக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் மதியம் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து வீட்டு ரேவதியைக் கூப்பிட்டு அந்த டிஸ்கை டிவியில் சொருகச் சொன்னேன். படையலுக்கு வருகிறவர்களுக்கு ஏதாவது போட்டுக் காட்டலாம் என்று ஒரு ஆசை. இரண்டு ஃபோல்டர் இருந்தது. ஒன்றுக்கு 'ஓகே' என்றும் இன்னொன்றுக்கு 'வேஸ்ட்' என்றும் பேர் வைத்திருக்கிறாய். முதலில் ஓகேவைப் போட்டாள். சத்தம் சுத்தமாக இருக்கிறது, அப்பா மூச்சு விடுவது கூடக் கேட்கிறது. ஆனால் அப்பா அதில் இல்லை. "வணக்கம். என் பேரு முருகேசன். நான் பிரஸ் ஆபரேட்டரா வேல செஞ்சேன்." அவ்வளவுதான், பிறகு உன் முகத்தைப் பார்க்கிறார், தரையைப் பார்க்கிறார். எதைப் போட்டாலும் அதே. ரேவதிக்கே பாவமாகப் போய், "அடுத்தது போடட்டுமா ஆன்ட்டி" என்றாள். வேஸ்ட்டைப் போடச் சொன்னேன். அவள் வேலை இருக்கிறது என்று ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அங்கேதான்டா அப்பா இருக்கிறார். எல்லாவற்றிலும் ட்ரெயின் வருகிறது, சத்தம் எழும்ப எழும்ப அவர் முகம் மாறுகிறது. கை எழும்புகிறது, முதுகு நிமிர்கிறது. முதல் நாள் மிஷினைப் பார்த்துப் பயந்து வீட்டுக்கு ஓடி வந்ததைச் சொல்கிறார். நீ பிறந்த அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து எண்ணெய்க் கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, தொடக் கூடாது என்று நர்ஸ் திட்டியதைச் சொல்லிச் சிரிக்கிறார். என்னைப் பற்றி என்னவோ சொல்கிறார், அதை எழுத மாட்டேன். ஒவ்வொன்றிலும், அவர் நன்றாகப் பேசுகிற இடத்தில், உன் குரல் வருகிறது. "ட்ரெயின் போகட்டும்ப்பா." உடனே வாயை மூடிக்கொள்கிறார். பார்த்துக்கொண்டே வந்தேன், ஒரு கட்டத்தில் டிவியைப் பார்த்து, "டேய் பேச விடுடா" என்று கத்திவிட்டேன். நல்ல வேளை, வீட்டில் யாரும் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஒரு வீடியோவில் நீ ஃப்ரிட்ஜை நிறுத்த உள்ளே போயிருக்கிறாய், கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. நான் அன்றைக்கு மார்க்கெட்டுக்குப் போயிருக்க வேண்டும். அப்பாவோடு வேலை செய்த பாபு அண்ணன் வந்து ஓரமாக உட்கார்ந்திருக்கிறார், அவர் படத்தில் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்கிறது. "இன்னாப்பா, படம் எப்ப ரிலீஸு" என்று அவர் கேட்கும்போதே ட்ரெயின் வந்துவிடுகிறது. அப்பா உள்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறார். சத்தத்தில் பாதிதான் கேட்கிறது. மீதியை நான் அவர் உதட்டில் படித்தேன். இத்தனை வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியதில் அது எனக்கும் வரும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், தப்பாக இருக்கக் கூடாதா என்று. தப்பில்லை. "ரிலீஸு ஆவாத வரிக்கும் நல்லதுப்பா. முடிச்சிட்டான்னா, அப்பால ஞாயித்துக்கெழம என் எதுர்ல வந்து எதுக்கு குந்தப் போறான்." அப்படிச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். நீ திரும்பி வருகிறாய். "எங்க விட்டோம்ப்பா" என்று கேட்கிறாய். "மறந்துட்டேன் நைனா" என்கிறார்.

அவர் நிஜமாகவே மறந்தாரா, உன்னை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வர வைக்க மறந்த மாதிரி இருந்தாரா, எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம். நீ எப்போதும் வேலை, லேப்டாப், வெளியே என்று போய்விடுவாய், சாப்பிடும்போது கூட உன் கண் ஃபோனில்தான். அந்தக் கேமரா இருந்ததால்தான் நீ அவர் முகத்தை மணிக்கணக்கில் பார்த்தாய். முடித்தால் போய்விடுவாய் என்று பயந்திருக்கிறார். கடைசியில் நீ முடிக்கவும் இல்லை, அவர் பக்கத்தில் இருக்கவும் இல்லை. இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. ஆனால் உன்னிடம் மறைத்து, நீயும் குப்பை என்று அழித்துவிட்டால், பிறகு நான் எப்படி இருப்பேன்?

அதனால் கேட்கிறேன். பெரிய படம் வேண்டாம், அது போகட்டும், எஸ்டேட்டின் கதையை வேறு யாராவது எடுப்பார்கள். வேஸ்ட்டிலிருந்து ஒன்றை எடு. ட்ரெயின் வருகிற சத்தத்தில் ஆரம்பி, அது போனதும் முடித்துவிடு. ஒரு ட்ரெயின் போகிற நேரம், அவ்வளவு நீளம் போதும். அறிமுக இசை வேண்டாம், கலர் வேண்டாம், சத்தத்தைக் குறைக்க வேண்டாம். எது நல்லது என்று ஆராய்ச்சி பண்ணாதே, முதலில் கைக்கு வருவதை எடு. சரியில்லாமல்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். சனிக்கிழமை வந்து உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆகிவிடும். படையல் அன்றைக்கு எல்லாரும் சாப்பிட்டு எழுந்ததும் டிவியில் போடுவோம். படத்தில் இருக்கிற வண்டு என்ன என்று அப்போது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நீ வீடியோவே வேண்டாம் என்று விட்டாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஒன்றையாவது முடித்துவிட்டு விட்டவனாக இரு, அது வேறு மாதிரி இருக்கும். நானும் அந்த ரவிக்கையை எடுத்து வெளியே வைத்திருக்கிறேன். ஓரம் தைத்துப் படையல் அன்றைக்குப் போட்டுக்கொள்வேன், இறுக்கமாக இருந்தாலும்.

இன்னொன்று. உன் அப்பா சொன்னதற்கு ஒரு பதில் இருக்கிறது, அவரிடம் சொல்ல முடியாமல் போய்விட்டது. ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றுக்கு வந்து உட்காரலாமே. அதற்கு யார் வேண்டாம் என்றது? நான் இருக்கிறேன். எனக்கும் சொல்வதற்கு நிறைய இருக்கிறது, அவரைப் போல எனக்குக் கூச்சமும் கிடையாது, நீதான் கேட்டதில்லை. அதை முடித்தவுடன், அதே நாற்காலியைப் போட்டு என் எதிரில் உட்கார். கேமரா விற்றுப் போனால் என் ஃபோன் இருக்கிறது. நான் நைட்டியோடுதான் இருப்பேன். ஃப்ரிட்ஜை நிறுத்தாதே, உள்ளே மாவு இருக்கிறது. ஜன்னலைத் திறந்தே வை. ட்ரெயின் வந்தால் நான் நிறுத்த மாட்டேன், நீயும் கையைத் தூக்காதே.

உன் அம்மா